அராலி விசுவநாத சாஸ்திரியார்

நற்கருமங்களை நல்ல வேளை நோக்கித் தொடங்கல் வேண்டுமென்பது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கொள்கையாம். வன்னிநாட்டிலே மாரிமழை கண்டு முதலேர் பூட்டுங் கமக்காரனும், புதிர் எடுப்பவனும், மகளுக்கு மணநாட் குறிப்பவனும், குழந்தைக்கு ஏடு தொடக்குபவனும் கோயிற் குருக்களிடமோ சோதிடரிடமோ சென்று நாட்கேட்டலை நாம் கண்டுவருகின்றோம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிற் பொங்கல் வைகாசிப் பூரணையைச் சார்ந்த திங்கட்கிழமையிலே நடைபெறும். அதற்கு முன்னர்ச் சிலாவத்தைக் கடலில் நீரெடுத்து விளக்கெரிக்கும் நாளும் அதனைக் கொண்டே எண்ணப்படும். இவை யாவற்றுக்கும் ஆதாரமாயுள்ளது பஞ்சாங்கமே. அதனைக் கையிலெடுப்பார் பலர். அதனைக் கணித்தவர் யாவர், எவ்வாறு கணித்தார், அவர் கணிதம் வானத்தோடு ஒத்ததோ என்று வினவுவார் மிகச் சிலர். அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையே விடையாக விளங்கிய ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் மேற்பாகத்திலே வட்டுக்கோட்டையை அடுத்துள்ளது அராலி என்னும் ஊர். சோதிடக் கல்வியால் அவ்வூர் பழம்புகழ் வாய்ந்தது. யாழ்ப்பாணத்திலே வாக்கிய பஞ்சாங்கத்தை முதன்முதல் 1667-ஆம் ஆண்டிலே வெளியிட்டவர் அராலி இராமலிங்க முனிவர் என்ப. அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்துத் தமிழரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரமாலை என்னுஞ் சோதிட நூல் மணம், மனை, யாத்திரை முதலியவற்றுக்கு உரிய காலங்களை வகுத்துக் கூறியது. இத்தகைய கல்வி மரபிலே, 18-ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றில், அந்தணர் குலத்துத் தோன்றியவரே விசுவநாத சாஸ்திரியார்.

இவர் கணிதத்தில் வல்லவராயினாற்போலவே செந்தமிழிலும் வல்லவர். வண்ணார்பண்ணையைப் பற்றிய வண்ணைக் குறவஞ்சியும், கீரிமலையைப் பற்றிய நகுலமலைக் குறவஞ்சியும் இவர் இயற்றியனவாம். எனினும் ஊரார் இவரை அறிந்தது பெரும்பாலும் இவர் ஆண்டுதோறும் கணித்தளித்த பஞ்சாங்கத்தாலேயே. ஆங்கில அரசினரும் அரசரின் பஞ்சாங்க கணிதர் எனப் பொருள்படும் பட்டத்தை இவருக்கு அளித்தனர்.

அக்கணித முறை இத்தகையது என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்துறுப்பும் உடைமையாற் பஞ்சாங்கம் எனப் பெயர் வந்தது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை வேறுபாடு வளருங்காலம் ஒரு திதி. சந்திரன் 13 பாகை 20 கலை கடக்குங்காலம் ஒரு நட்சத்திரம். ஒரு நாழிகை 24 நிமிடமும், இரண்டு நாழிகை கொண்ட ஒரு முகூர்த்தம் 48 நிமிடமும் ஆம். சந்திரனுடைய நடை நாடோறும் ஏறியுங் குறைந்தும் வருதலின், 248 நாள் வட்டம் ஒன்றுக்கு 248 வாக்கியங்களை முன்னோர் அமைத்தனர். அவ்வாக்கியங்களின் எழுத்துக்களே எண்களைக் குறிக்கும். அவற்றை நெஞ்சிற் பதித்துக்கொண்டு, சோழிகளை நிலத்திற் பரப்பிக் கூட்டியுங் கழித்துங் கிரகணங்களையும் முன்னறிந்து கூறினர். ஏட்டின் உதவியுமின்றி இதனைச் செய்தல் எளிதன்று.

சாஸ்திரியாரின் முதுமைக் காலத்திலே ஒரு சோதனை நேர்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823-ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விச் சாலையைத் தாபித்தனர். தானியேல் பூவர் என்பவர் அதன் தலைவராயிருந்து மேனாட்டு வானநூலையும் கற்பித்தார். அராலியோ அயலூர். ஆகவே ஒரே வானத்தை இரு கணிதத்தால் அளப்பார் இருவர் அண்டை அயலில் வாழ்ந்தனர். 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆந் தேதி நிகழ இருந்த சந்திர கிரகணத்தைப் பற்றிச் சாஸ்திரியாரின் பஞ்சாங்கங் குறித்த காலமும் மறைப்பின் அளவும் தம் கணிதத்தோடு மாறுபடுதலைப் பூவர் கண்டார். அதனை வெளிப்படையாக அறிவித்தார். பஞ்சாங்கம் பிழைபடின் அதனைப் போற்றுவார் சமயமும் பிழைபடும் என்பது அவர் கருத்து. ஆதலால் அன்றிரவு நிறுக்கப்பட்டது ஒரு முதியவரின் கணக்கு மாத்திரமன்று. ஓர் ஊரின் நம்பிக்கையும் உடன் நிறுக்கப்பட்டது. மாணவரும் ஊரவரும் வானத்தை நோக்கினர். கிரகணம் பூவரின் கணிதத்தோடே ஒத்து நிகழ்ந்தது.

இதனை நாம் மறைத்தல் ஆகாது. மறைத்தற்குக் காரணமும் இல்லை. அன்று பிழைத்தது யாது என ஆராய்வோம். கிரகணத்தின் காரணத்தைப் பற்றி நம்முடைய கணித நூல்களுக்கு மயக்கமில்லை. பூமியின் நிழலிற் சந்திரன் புகுதலே சந்திர கிரகணமென 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபடர் நிறுவினார். பிழை நேர்ந்தது பழைய வாக்கியங்களின் அளவைகளிலேயாம். பல நூற்றாண்டு கழியுமிடத்து மிகச் சிறு குறையும் திரண்டு பெருகும். 1825-ஆம் ஆண்டிலே புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் சோழிகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். அதன் தொடக்கத்தில் 4 நிமிட வேறுபாடே இருந்தது. முடிவிலோ 52 நிமிடம் வேறுபட்டது. தொடக்கத்தை அத்துணைச் செம்மையாகக் கூறிய முறையே முடிவில் வழுவியதெனின், முறையை இகழாது அளவையைத் திருத்துதலே தக்கதென்பது போதரும்.

அவ்வாறு திருத்துதல் அயலாரிடங் கற்கவேண்டிய தொன்றுமன்று. சேரநாட்டுப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணாற் கண்டு ஆராய்ந்து, முன்னைக் கணிதத்தைத் திருத்தி, 1431-ஆம் ஆண்டிலே திருக்கணிதம் என்னும் நூலைச் செய்தார். கண்டதோடு ஒவ்வாத கணக்கைக் கைவிடல் நம்மவர் வழக்கேயாம். மிஷனரிமாரும் பின்னர் நம் கணிதத்தை வாளா தள்ளிவிட்டாரல்லர். உள்ளமுடையான் என்னுந் தமிழ்ச் சோதிட நூலை ஆராய்ந்து, ஹொய்சிங்டன் என்பவர் 1848-ஆம் ஆண்டிலே மொழிபெயர்ப்போடு அச்சிட்டார்.

விசுவநாத சாஸ்திரியார் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே சிவபதமடைந்தார். அவர் புகழ் அவ்வொரு கிரகணத்தால் அழிந்திலது. அவர் பேணிய வாக்கிய முறையாலே யாழ்ப்பாணத்தில் இன்றும் பஞ்சாங்கங் கணிக்கப்படுகின்றது. கண்டு திருத்திய அளவைகளைக் கொண்ட திருக்கணித பஞ்சாங்கமும் அதனோடு வழங்குகின்றது. இவ்விரண்டிலும் திதி முடிவு நாழிகைக்கணக்கில் வேறுபடும். சில ஆண்டுகளில் ஒரே விரதம் இருவேறு நாளில் வருதலும் உண்டு. திதி வேறுபடின் அதனைப் பற்றிய முகூர்த்தமும் வேறுபடும். ஆகவே நாட்கேட்பவன் எக்கணிதத்தைக் கொண்டு நாட்கூறப்பட்டது என்பதையும் கேட்டறிதல் முறையாகும்.

ஆசிரியர்களே! இச்சரித்திரத்தாற் பெறப்படுவன இரண்டு. அடுத்த சந்திர கிரகணத்தன்று மாணாக்கரை முற்றத்தில் நிறுத்தி, இரு பஞ்சாங்கங்களும் குறித்த நேரத்தை எழுதுவித்து, மறைப்புத் தொடங்குதலையும் முடிதலையும் அவர் கண்ணாலேயே காணச் செய்க. எண்ணும் எழுத்தும் கண்ணென்பதை அவர் அன்று அறிவர். இது முதலாவது.

இரண்டாவது, நாள் பார்த்தல் கடமைக்குத் துணையாதல் வேண்டுமேயன்றித் தடையாதல் ஆகாது. திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரைக் கோள்நிலை தீதென்று நாவுக்கரசர் தடுத்தபொழுது, சிவனடியார்க்கு அவையெல்லாம் நல்லனவே எனப் பதிகம்பாடிச் சென்றதை நாம் வகுப்பிற் கற்பிக்கின்றோம். வன்னிக் கமக்காரன் ஈரம் உள்ளபோதே விதைத்தல் வேண்டும்; நிலம் உலர்ந்தபின் வரும் நாள் எத்துணை நல்லதாயினும் வித்து முளையாது. நோயுற்ற பிள்ளையை வைத்தியரிடங் கொண்டுசெல்லுதற்கும் இராகுகாலம் பார்த்திருத்தல் தகாது. கணிதத்தை மதித்தலும், அதனைச் சோதித்தலும், கடமையை அதற்குமேல் வைத்தலும் ஒன்றுக்கொன்று மாறல்ல என்பதை உணர்ந்து மாணாக்கர்க்கும் உணர்த்துவோமாக.