எஃப்.ஏ. பெயிலான மேதை



ஒட்டன்சத்திரத்தில் நின்று தெற்கே பார்த்தால் மலை தெரிகிறதே, அந்த மலைமேல் கொடைக்கானலில் 1899 முதல் சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது உள்பட அரசின் வானாய்வு நிலையங்களுக்கெல்லாம் தலைமை அதிகாரியாக இருந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற வெள்ளைக்காரர். 1913-ல் அவர் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். யாருக்காகத் தெரியுமா? காலேஜ் பரீட்சையில் திரும்பத் திரும்பப் பெயிலான ஒரு குமாஸ்தாவுக்காக! அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. அப்போது பிளஸ் டூ எல்லாம் கிடையாது. ஹைஸ்கூல் முடித்தவன் காலேஜ் வாசலை மிதிக்கணும்னா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறணும். ராமானுஜன் தேறினார். உதவித்தொகையோடு 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்.

அடுத்த கதவு எஃப்.ஏ. அதைத் தாண்டினால்தான் பி.ஏ. இவரோ எந்த வகுப்பிலும் கணக்கே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். திரும்பி வந்து 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் உடல்நலக் குறைவு, மறுபடி தோல்வி. 1907-ல் தனியாக எழுதியும் தேறவில்லை. அத்தோடு காலேஜ் கதவு மூடிவிட்டது.

ஆனால் அவர் நோட்டை மூடவில்லை! காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டு அலைந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறுவருஷம் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இங்கே வாக்கரும் நோட்டைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டமே இல்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது.

1914-ல் கப்பல் ஏறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் தமது 32-வது வயதில் மறைந்தார்.

தோழர்களே, தேர்வுகள் வரும், போகும். நம் மாநிலத்தில் தொழிற்கல்விக்கு 1984-ல் வந்த நுழைவுத்தேர்வு 2007-ல் போயிற்று. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் வந்திருக்கிறது. எந்தத் தேர்வும் தான் கேட்டதற்குத்தான் மார்க் போடும். கேட்காத திறமை அதன் கண்ணில் படாது. அதற்காக அரியரை அப்படியே விட்டுடலாம்னு அர்த்தமில்லை. பிடிக்காத பாடத்தை ஒதுக்கியதற்கு ராமானுஜன் கொடுத்த விலை ரொம்பப் பெரிசு. நாம எல்லாரும் ராமானுஜனும் இல்லை.

ஆனால் நாம் ஒவ்வொருவரும் ஒரு வாக்கர் ஆகலாமே! ரிசல்ட் வந்த அன்று பக்கத்து பெஞ்சு நண்பன் ஊரை விட்டு ஓட நினைத்தால், மார்க்கை விசாரிக்காதீங்க. தோளில் கைபோட்டு உட்கார வைத்து, அவன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க.