துள்ளம் தந்த தொழிலாளர் தலைவர்

சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் வைபவத்தை முன்னிட்டு நாம் வல்லக்கோட்டைப் பக்கம் செல்ல நேர்ந்தது. முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. இன்றோ ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருமருங்கிலும் ஆலைகளே கண்ணில் படுகின்றன. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இரு இளைஞர்கள் நம்மிடம் வந்து ஸலாம் கூறி அமர்ந்தனர். இருவரும் ஒரே ஆலையில், ஒரே பிரிவில் பணி புரிபவர்கள். ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. சற்று முன்னர்தான் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர நின்று தொழுதிருந்தனர். ஆலைக்குள் போய்விட்டாலோ சட்டையின் நிறம் வேறு, சம்பளம் வேறு. சங்கத்தில் ஒருவருக்கு இடமுண்டு, மற்றவருக்கு இல்லை. பேச்சுவாக்கில், தொழிற்சங்கம் என்பதை நம் நாட்டில் முதன்முதலில் யார் தொடங்கினார்கள் என்று அவர்கள் கேட்டனர். அவர்களுக்கு நாம் கூறிய வரலாற்றையே இங்கு எழுதுகிறோம்.

அந்த வரலாற்றின் நாயகர் வெகுதூரத்தில் பிறந்தவரல்லர். வல்லக்கோட்டை அடங்கியிருந்த அதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883 ஆகஸ்ட் 26ஆம் நாள் பிறந்தார் திரு.வி. கலியாணசுந்தரனார். திரு.வி.க. என்றால்தான் பலருக்கும் விளங்கும். இளமையிலேயே நோயால் உடல் நலிவுற்றவர். சென்னையில் வெஸ்லி பள்ளியில் பயின்றார். தம் ஆசிரியர் கதிரைவேற்பிள்ளையின் பொருட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லச் சென்றதால் பள்ளியிறுதித் தேர்வை எழுதவில்லை. ஸ்பென்சர் கம்பெனியில் சில காலம் கணக்கு எழுதினார், பின்னர் தமிழாசிரியரானார். 1917இல் அவ்வேலையையும் விட்டுத் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். 1918இல் மனைவி கமலாம்பிகை காலமானார். பிறந்த குழந்தைகளும் தங்கவில்லை. அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அதே 1918ஆம் ஆண்டில்தான் பெரம்பூரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பின்னி கம்பெனியாருக்குச் சொந்தமான பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் பல்லாயிரம் பேர் உழைத்து வந்தனர். பொழுது விடியுமுன் ஆலை வாசலில் நிற்க வேண்டும். நண்பகலில் உண்பதற்குக் கிடைத்ததோ அரை மணி நேரந்தான். கை கழுவி, சோற்றுப் பாத்திரத்தைத் தேடி எடுத்து, ஒரு கவளம் வாயில் வைப்பதற்குள் சங்கு ஊதிவிடும். அப்பகுதியில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் சமயச் சொற்பொழிவுகளுக்காக ஒரு சபையை நடத்தி வந்தனர். மாலையில் அங்கே வந்தமர்ந்த தொழிலாளர்கள் சமயத்தைக் காட்டிலும் தங்கள் வயிற்றுப்பாட்டையே அதிகம் பேசினர். அவர்களிடையே சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் திரு.வி.க. பின்னர் அன்னி பெசன்ட் அம்மையாரின் உடனுழைப்பாளரான பார்சி வகுப்பினர் பி.பி. வாடியாவும் வந்து சேர்ந்தார். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. முறைப்படி அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களில் முதலாவது என்று இதனையே கூறுவர். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். வாடியா ஆங்கிலத்தில் பேசுபவர். தொழிலாளியின் நெஞ்சில் தைக்கும்படி தமிழில் பேசியவர் திரு.வி.க. மேடைத் தமிழுக்கே அவரால் ஒரு புது நடை வந்தது என்பர். அது வேறு கதை.

முதலாளிகள் வாளாவிருக்கவில்லை. வாடியாவின் மீதும் சங்கத்தார் மீதும் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பு சங்கத்துக்குப் பாதகமாயிற்று. வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகினார். சங்கம் அமைப்பதே குற்றம் போலாகிவிட்ட அந்நிலையை மாற்ற எழுந்த முயற்சியின் பலனே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். 2024இல் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அச்சட்டத்தின்படி தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றே கோரினர். 2025 ஜனவரியில் அது பதிவாயிற்று.

இனி, நாம் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருவோம்.

1921இல் பின்னி ஆலைகளில் பெரும் போராட்டம் மூண்டது. இம்முறை ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா அவ்வாறே அவர்களுக்கு ஆலோசனை கூறினார். ஒரு நாள் கூலி தவறினால் மறுநாள் அடுப்பெரியாத குடிசைகள் அவர்களுடையவை என்பதையும் நாம் மறக்கலாகாது. வெளியே நின்றவர்கள் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும். இரு தரப்பாருக்கும் புளியந்தோப்பில் மூண்ட கலகத்தில் குடிசைகள் எரிந்தன, போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர், உயிர்கள் பறிபோயின. அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

அக்கலகத்தில் நம்மவர்களும் ஒரு பக்கத்தில் நின்றார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. நிறத்தாலும் குலத்தாலும் உயர்வு தாழ்வில்லை என்று போதிக்கப்பட்ட சமுதாயத்தினர், நாள்தோறும் ஐந்து வேளை ஒரே வரிசையில் நிற்பவர்கள், தம்மினும் ஏழையான தொழிலாளியின் சேரிக்கு எதிரே நின்றனர். கூலிக்கான கோபம் நியாயமானதே. ஆனால் அது போய் விழுந்த இடம் முதலாளியின் வீட்டு வாசலன்று.

திரு.வி.க.வுக்கு அது பெருஞ்சோதனை. ஆளுநர் வில்லிங்டன் அவரை அழைத்து, நாடு கடத்தப்படலாம் என எச்சரித்தார். அரசியலில் அவருக்கு எதிரணியில் இருந்த நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் தலையிட்டதால் அது நடவாது போயிற்று. இவ்வளவு துணிவுள்ளவரையும் நாம் ஒன்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. மூன்றாண்டுக் காலம் கூலியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் மேடைதோறும் பேசிய சங்கம், தெருவையும் சேரியையும் பிரித்த வேலியைப் பற்றி எவ்வளவு பேசியிருந்தது? 1925இல் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலும் தலைவர் அவரே. வகுப்புவாரி உரிமை கோரிப் பெரியார் ஈ.வெ.ரா. கொண்டுவந்த தீர்மானத்தை அவர் அனுமதிக்கவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார். தொழிலாளிக்குச் சமத்துவம் வேண்டுமென்று போராடியவரின் கை, அங்கே தயங்கிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் தொழிலாளியை அவர் கைவிட்டதில்லை. ‘நவசக்தி’ இதழை 1920 முதல் நடத்தி அவர்களுக்காக எழுதினார். பெண்களின் உரிமைக்காகப் ‘பெண்ணின் பெருமை’ எழுதினார். கைம்பெண் மறுமணத்தை ஆதரித்தார். பதவி எதனையும் நாடவில்லை. நாடு விடுதலை பெற்ற அதே 1947இல், பின்னி ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது, அறுபது வயதைக் கடந்த அவரை வீட்டுக் காவலில் வைத்தது காங்கிரஸ் அரசு. எந்தக் கட்சியின் மாநாட்டுக்குத் தலைமை வகித்தாரோ, அந்தக் கட்சியின் அரசு!

இறுதிக் காலத்தில் கண்பார்வை மங்கிவிட்டது. தாம் சொல்லப் பிறர் எழுதும் முறையில் நூல்களை இயற்றி வந்தார். 1953 செப்டம்பர் 17ஆம் நாள் காலமானார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளியான தம்பி, புளியந்தோப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சென்னை மாநகராட்சியின் ஆறாவது மண்டலத்துக்குத் திரு.வி.க. நகர் என்று பெயர். குடிசைகள் எரிந்த புளியந்தோப்பு அந்த மண்டலத்துக்குள்தான் இருக்கிறது என்று சொன்னோம். அதற்குள் மாலை ஷிப்டுக்கான பேருந்து வந்துவிட்டது. இருவரும் ஸலாம் கூறி எழுந்தனர்.