இன்சுலினுக்காக 35 ஆண்டுகள் காத்திருந்த டோரதி ஹாட்ஜ்கின்

கோடிக்கணக்கான நீரிழிவு நோயாளிகளின் உயிரைக் காக்கும் இன்சுலின் 1921-ஆம் ஆண்டு டொரோண்டோவில் கண்டறியப்பட்டது. அம்மூலக்கூறு எத்தகைய வடிவம் உடையது என்பது உலகுக்குத் தெரிய மேலும் 48 ஆண்டுகள் ஆயின. அவற்றுள் 35 ஆண்டுகள் அந்த ஒரே கேள்வியைக் கைவிடாமல் சுமந்தவர், பிரிட்டன் வேதியியலாளர் டோரதி குரோஃபுட் ஹாட்ஜ்கின்.

1910-ஆம் ஆண்டு மே 12-ஆம் தேதி எகிப்தின் கெய்ரோ நகரில் அவர் பிறந்தார். தந்தை அந்நாட்டில் கல்விப் பணியில் இருந்தவர். தொல்லியலிலும் ஈடுபாடு மிக்கவர். தாய் பண்டைய நெசவுக்கலையில் தேர்ந்தவர். பள்ளியில் மாணவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த வேதியியல் வகுப்பில் சிறப்பு அனுமதி பெற்று அமர்ந்த இரு மாணவியருள் டோரதியும் ஒருவர். ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்றபின் கேம்பிரிட்ஜ் சென்று ஜே.டி. பெர்னாலிடம் ஆய்வு மேற்கொண்டார். 1934-இல் அங்கு எடுக்கப்பட்ட பெப்சின் படிகத்தின் எக்ஸ் கதிர்ப் படமே, ஒரு புரதப் படிகத்திலிருந்து கிடைத்த முதல் தெளிவான விளிம்பு விளைவுப் படமாகும். உலர்ந்தால் ஒழுங்கு சிதையும் படிகத்தை அதன் தாய்க்கரைசலிலேயே வைத்துப் படமெடுத்ததில்தான் அவ்வெற்றி அடங்கியிருந்தது.

அதே ஆண்டு ஆக்ஸ்போர்டு திரும்பிய அவருக்குச் சிறிதளவு இன்சுலின் கிடைத்தது. அதைப் படிகமாக்கி எடுத்த படத்தில் புள்ளிகள் தெரிந்த இரவில், உவகை தாளாது நகரத் தெருக்களில் நெடுநேரம் நடந்தார். அப்போது அவருக்கு வயது 24. முடக்குவாதம் அவரது கை, கால் மூட்டுகளைத் தாக்கத் தொடங்கியதும் அவ்வயதில்தான். மயிரிழை அளவே உள்ள படிகங்களைக் கையாளும் தொழிலில் இருந்தவருக்கு விரல்கள் கோணி வளைந்தன. ஆயினும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு விலகவில்லை.

இன்சுலின் எளிதில் பிடிபடவில்லை. இடைப்பட்ட காலத்தில் பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்புகளை அவர் கண்டறிந்தார். அதற்காக 1964-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு மட்டும் தனித்து வழங்கப்பட்டது. மூன்று குழந்தைகளின் தாயான அவரை இல்லத்தரசி என்று குறித்துத் தலைப்பிட்ட பிரிட்டன் நாளிதழும் உண்டு. உயரிய விருது ஒன்றைச் செய்தியாக்கும்போதுகூட அக்காலப் பார்வை மாறியிருக்கவில்லை.

இன்சுலின் ஏன் இத்தனை ஆண்டுகளை விழுங்கியது? படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் பதிகின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று முழு எண்களால் ஆன முகவரி உண்டு, அதுவே சுட்டெண். புள்ளியின் செறிவை அளந்துவிடலாம். ஆனால் அந்த அலையின் கட்டம் படத்தில் பதிவதில்லை. இழந்த கட்டத்தை மீட்க, ஈயம் போன்ற கன அணுக்கள் ஏற்றப்பட்ட படிகங்களையும், ஏற்றப்படாத படிகத்தையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடவேண்டும். ஒப்பிடப்படும் இரு புள்ளிகளும் ஒரே முகவரிக்கு உரியவையாக இருக்கவேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

இங்கேதான் இன்சுலின் படிகம் ஒரு பொறியை வைத்திருக்கிறது. துத்தநாகம் கலந்த அப்படிகம் மூன்று மடிச் சுழற்சிச் சமச்சீர் உடையது. ஆனால் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டுள்ள அணிக்கோவையின் சமச்சீர், மூலக்கூறுகளின் சமச்சீரைவிடக் கூடுதலானது. வெற்று அணிக்கோவையைப் புரட்டி வைத்தாலும் முன்போலவே தோன்றும். உள்ளிருக்கும் மூலக்கூறுகளோ அவ்வாறு பொருந்தா. ஆகவே புள்ளிகளின் இடத்தை மட்டும் பார்த்துச் சுட்டெண் இடுபவர், தமக்குத் தெரியாமலே இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துவிடக் கூடும். ஒரே தெருவின் வீடுகளுக்கு ஒருவர் கிழக்கிலிருந்தும் மற்றவர் மேற்கிலிருந்தும் எண் இட்டதைப் போன்றது இது. தனித்தனியே இரு பட்டியல்களும் சரி. இணைத்தாலோ கடிதம் வேறு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இதற்குத் தீர்வு பொறுமைதான். ஒரு படிகத்தின் அளவீட்டை ஆதாரமாகக் கொண்டு, பிறவற்றை இரு வழிகளிலும் எண்ணிட்டு, செறிவுகள் எவ்வழியில் ஒத்துவருகின்றனவோ அவ்வழிக்கே எல்லாவற்றையும் மறுசுட்டெண் இட்டுக் கொண்டுவரவேண்டும். இன்று கணினி இதை நொடிகளில் முடித்துவிடுகிறது. எனினும், எக்ஸ் கதிர் லேசர் ஆய்வுகளில் ஆயிரக்கணக்கான நுண்படிகங்களின் தரவுகளை இணைக்கும்போது இதே சிக்கல் பேருருவில் மீண்டும் எழுகிறது.

1969-இல் ஹாட்ஜ்கின் குழு 2.8 ஆங்ஸ்ட்ராம் நுண்மையில் இன்சுலினின் அமைப்பை வெளியிட்டது. சுமார் 800 அணுக்கள் கொண்ட அம்மூலக்கூறு, ஆறு ஆறாகத் துத்தநாகத்தைச் சூழ்ந்து நிற்பது புலப்பட்டது. இரு ஆண்டுகளில் நுண்மை 1.9 ஆங்ஸ்ட்ராமாக உயர்ந்தது. ஆய்வுக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஓர் இந்தியரும் இருந்தார்: கேரளத்தில் பிறந்த எம். விஜயன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பிய அவர், புரதப் படிகவியல் இந்தியாவில் வேரூன்ற வழிவகுத்தவர்களுள் முதன்மையானவராகத் திகழ்ந்தார்.

அரசியலில் ஹாட்ஜ்கின் இடதுசாரிச் சார்பும் அமைதி இயக்க ஈடுபாடும் கொண்டவர். 1953-இல் அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. அவரிடம் பயின்ற மாணவியருள் ஒருவர் பின்னாளில் கன்சர்வேடிவ் பிரதமரான மார்கரெட் தாட்சர் என்பது வரலாற்றின் வேடிக்கை.

சீன விஞ்ஞானிகள் தனித்து உழைத்து இன்சுலினின் அமைப்பைக் கண்டறிந்திருந்தனர். உலகம் அதை அறியாதிருந்தபோது, 1972-இல் பெய்ஜிங் சென்ற ஹாட்ஜ்கின் அவர்களது பணியை மேற்குலகுக்கு எடுத்துரைத்தார். போட்டியாளரின் வெற்றியைத் தாமே முன்வந்து பறைசாற்றுவது அறிவியல் உலகில் அடிக்கடி காணக்கூடியதன்று. 1993-இல் சர்வதேசப் படிகவியல் மாநாடு பெய்ஜிங்கில் கூடியபோது, உடல் மிகத் தளர்ந்திருந்தும் சக்கர நாற்காலியில் அங்கு சென்றார். மறு ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி இங்கிலாந்தில் காலமானார்.