திரவப் படிகம் கண்ட எஸ். சந்திரசேகர்

முன்னுரை

பிறந்தவர் யாவரும் ஒரு நாள் மறைவர். ஆயினும் தம் உழைப்பின் பயனைப் பெயர் தெரியாத பலருடைய கைகளில் விட்டுச் செல்வோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் விஞ்ஞானி சிவராமகிருஷ்ண சந்திரசேகர். இப்பெயரைக் கேட்டதும், விண்மீன்களை ஆராய்ந்து 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் நம் நினைவுக்கு வருவார். அவர் சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். இவர் தங்கை மகன். அவர் வானத்தை ஆராய்ந்தார். இவர் ஒரு துளி திரவத்தை ஆராய்ந்தார். கைக்கடிகாரம், கால்குலேட்டர், மடிக்கணினி ஆகியவற்றின் திரைகளுக்குள் இருப்பது அத்தகைய துளியே.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். நாகபுரிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1951-ல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பின்னர் பெங்களூரில் தம் மாமா நடத்தி வந்த இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, படிகங்களின் ஊடே ஒளி செல்லும் விதத்தை ஆராய்ந்தார். உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, அங்கும் ஆராய்ந்து பட்டம் பெற்றார். அவருடைய தம்பி பஞ்சரத்தினமும் ஒளியியலில் அரிய உண்மையைக் கண்டறிந்தவரே. அத்தம்பி 1969-ல், 35 வயதிலேயே காலமானது விஞ்ஞான உலகுக்குப் பேரிழப்பாகும்.

மைசூர்ப் பணி

1961-ல் தாய்நாடு திரும்பிய சந்திரசேகர், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையின் முதல் தலைவரானார். அங்கேதான் அவர் மனம் திரவப் படிகத்தின் பால் சென்றது.

திரவப் படிகம் என்றால் என்ன? தண்ணீரைப் போல் ஓடும். ஆனால் படிகத்தைப் போல் அதன் மூலக்கூறுகள் ஒரு திசை நோக்கி ஒழுங்காக நிற்கும். ஆற்று நீரில் மிதந்து செல்லும் தீக்குச்சிகள் யாவும் ஒரே பக்கம் தலை வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆஸ்திரியத் தாவரவியலார் ரெய்னிட்சர் 1888-ல் இதனை முதலில் கண்டார். அவர் ஆராய்ந்த பொருள் 145 டிகிரி வெப்பத்தில் உருகிக் கலங்கலாயிற்று. 178 டிகிரியில்தான் தெளிந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே திரவப் படிகம். நெடுங்காலம் இது ஒரு விந்தைப் பொருளாகவே இருந்தது.

திரையின் குறைகள்

1970-களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே திரவப் படிகத்தை வைத்து, மின்சாரத்தால் அதன் குச்சிகளைத் திருப்பி, ஒளியை விடவும் தடுக்கவும் வழி கண்டனர். கையடக்கக் கணினிக்கு இது பெரிய வரமாயிற்று. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் என்ற கணினி, எடுத்துச் செல்லத்தக்கது என்று விற்கப்பட்டாலும் 11 கிலோ எடை இருந்தது. அதன் திரையோ பழைய டெலிவிஷன் குழாய் வகையைச் சேர்ந்தது. மூலைக்கு மூலை அளந்தால் 5 அங்குலமே. 1985-ல் தோஷிபா நிறுவனம் திரவப் படிகத் திரையுடன் வெளியிட்ட கணினியோ ஏறத்தாழ 4 கிலோதான்.

எடை குறைந்தது, ஆனால் கண்ணுக்குத் தொல்லை கூடியது. முதலாவது குறை வேகமின்மை. திரும்பிய குச்சிகள் மீண்டும் பழைய நிலைக்கு வர அக்காலத் திரைகளில் கால் விநாடி வரை ஆயிற்று. அதற்குள் சினிமாவில் ஆறு படங்கள் ஓடிவிடும்! ஆகவே திரையில் நகரும் அம்புக்குறி நிழலாக இழுபட்டு மறைந்தது. இரண்டாவது குறை பார்வைக் கோணம். நேரே பார்த்தால் கறுப்பாகத் தெரிவது, சாய்ந்து பார்த்தால் வெளிறியது. சில வேளை நிறமே தலைகீழானது. குச்சியை அதன் நுனிப்பக்கமாகப் பார்ப்பதற்கும் சரிவாகப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம். சரிவாகச் செல்லும் ஒளியை அந்தக் குச்சிகள் மாற்றிவிடுவதால், தடுக்கப்பட வேண்டிய ஒளி கசிந்து வெளியே வந்துவிடுகிறது.

பெங்களூரில் ஒரு கண்டுபிடிப்பு

இக்குறைக்கு மருந்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1971-ல் சந்திரசேகர் இராமன் ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பி, திரவப் படிக ஆய்வகத்தை அமைத்தார். சூடாக்கித் திரவப் படிகம் பெற வேண்டுமாயின் மூலக்கூறு குச்சி வடிவில்தான் இருக்க வேண்டும் என்று உலகத்தார் எண்ணியிருந்த காலம் அது. தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகுமா என்று அவர் வினவினார். உடன் பணியாற்றிய சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் அத்தகைய பொருளை உருவாக்கிச் சோதித்தார். நாணயங்களை அடுக்கியது போல் அம்மூலக்கூறுகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தூண்களாய் நின்றன! 1977-ல் இந்த முடிவை வெளிநாட்டு ஏட்டுக்கு அனுப்பாமல், நம் நாட்டுப் ‘பிரமாணா’ இதழிலேயே வெளியிட்டார்கள். உலக விஞ்ஞானிகள் அந்த இதழைத் தேடிப் படித்தனர்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றபின், 1990-களின் நடுவில், ஜப்பானின் ஃபியூஜி பிலிம் நிறுவனம் தட்டு வடிவ மூலக்கூறுகளைப் பூசிய மெல்லிய தாளைச் செய்தது. அதைத் திரையின் மேல் ஒட்டியதும், குச்சிகள் ஒளியில் செய்த கெடுதலைத் தட்டுகள் எதிர்த்திசையில் சரிசெய்தன. பக்கவாட்டில் இருந்து பார்ப்பவருக்கும் படம் தெளிவாயிற்று. மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும் குறை மட்டும் முழுதும் நீங்கவில்லை.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அக்காமார் பெற்ற மடிக்கணினிகள் எங்கள் கயத்தாற்றில் சில வீடுகளில் இன்னும் உள்ளன. ஒன்றைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்து படிக்கும்போது, பின்னால் நிற்பவளுக்கு மட்டும் எழுத்து வெளிறித் தெரிகிறது. மூடியைச் சற்றுச் சாய்த்தால் அவளுக்குத் தெரியும்; அமர்ந்திருப்பவர்களுக்கு மங்கும். எல்லோரும் ஒரே திரையைக் காண வேண்டும் என்பது எங்களுக்குச் சிறிய காரியம் அன்று. வீட்டுக்கு ஒரு கணினி இல்லாத ஊரில் அதுவே படிப்பு.

சிறப்புகளும் மறைவும்

1977-ல் அவர் எழுதிய திரவப் படிகங்கள் பற்றிய நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1983-ல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1994-ல் அச்சங்கத்தின் ராயல் பதக்கம் பெற்றார். 1998-ல் பாரத அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1990-ல் ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. மறு ஆண்டே பெங்களூர் ஜாலஹள்ளியில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தந்த இடத்தில் திரவப் படிக ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். 2004-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

முடிவுரை

சந்திரசேகர் கணினித் திரையைச் சீர்செய்யப் புறப்பட்டவர் அல்லர். எல்லோரும் குச்சி என்றபோது, தட்டாக இருந்தால் என்ன என்று கேட்டார், அவ்வளவே. கேள்வி பிறந்தது பெங்களூரில். அதன் பயன் விலைப்பொருளாகி வந்ததோ ஜப்பானில் இருந்து. அன்புத் தோழியரே! நாம் கேள்வி கேட்கவும் வேண்டும். அதன் பயனை நம் மண்ணிலேயே விளைவிக்கவும் வேண்டும். பின்னால் நிற்பவளுக்கும் தெளிவாகத் தெரியும் திரையை நம்முள் ஒருத்தி ஒரு நாள் செய்வாளாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, கயத்தாறு