காத்திருந்தவர்களைத் தேடி வந்த மருத்துவர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

உலகிலேயே உயர்ந்த சிகரம் எவரெஸ்ட் என்று நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அதன் உச்சியை நோக்கி இருமுறை ஏறிய ஒருவர், குமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து வாழ்ந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர்தாம் டாக்டர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல்.

அவர் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். காலணித் தொழில் நடத்திய வசதியான குடும்பம் அவருடையது. கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பயின்று மருத்துவரானார்.

அப்போது முதல் உலகப் போர் மூண்டது. இராணுவ மருத்துவராகப் பிரான்சு சென்ற சோமர்வெல், 1916-இல் நடந்த சோம் போரின் கொடுமையைக் கண்ணால் கண்டார். காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டவெளியில் கிடத்தப்பட்டிருந்தனர். அறுவை மருத்துவர்களோ நால்வரே. அவர் அவர்களிடையே நடந்து சென்றபோது, தன்னை முதலில் கவனிக்கும்படி ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். வலியிலும் பிறரை எண்ணிய அந்த மனிதர்களை அவர் கடைசிவரை மறக்கவில்லை. போர் என்பதையே வெறுத்தார்.

மலையேற்றத்தில் அவருக்குப் பேரார்வம் உண்டு. 1922-இல் எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்று, பிராணவாயு உருளை இல்லாமலே 8,200 மீட்டருக்கு மேல் ஏறினார். ஆனால் ஜூன் 7-ஆம் நாள் பனிச்சரிவில் சிக்கிச் சுமைதூக்கிகள் 7 பேர் உயிரிழந்தனர். ஆங்கிலேயர் அனைவரும் தப்பினர். அந்த எழுவரோடு தாமும் மாண்டிருக்கலாமே என்று அவர் உள்ளம் நொந்தார்.

பின்னர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூருக்கு வந்தார். அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனையில் டாக்டர் பியூ ஒருவரே அறுவை மருத்துவர். வெளியே நோயாளிகள் கூட்டங் கூட்டமாய்க் காத்திருந்தனர். லண்டனில் பேரும் பொருளும் ஈட்டும் வழி சோமர்வெல்லுக்குத் திறந்தே இருந்தது. அவர் அதை விட்டுவிட்டு நெய்யூரைத் தேர்ந்துகொண்டார்.

1924-இல் நெய்யூரிலிருந்தே மறுபடியும் எவரெஸ்டுக்குச் சென்றார். கடுங்குளிரால் அவருடைய தொண்டையின் உட்சவ்வு கழன்று மூச்சை அடைத்தது. இனிப் பிழைப்பதில்லை என்றெண்ணிப் பனியில் அமர்ந்துவிட்டார். இறுதி முயற்சியாகத் தம் மார்பை இரு கைகளாலும் அழுத்தவே, அடைப்பு வெளியே வந்தது! உயிர் தப்பியவர் மீண்டும் வந்த இடம் நெய்யூர்தான்.

அப்பகுதி மக்களை வயிற்றுப்புண் மிகவும் வாட்டியது. மரவள்ளிக் கிழங்கையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைகள் அவர்கள். உணவுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பு அங்கே ஆராயப்பட்டது. இரைப்பை அறுவையில் சோமர்வெல் வல்லுநராகி, அதுபற்றி மருத்துவ நூலும் எழுதினார். அந்நோய்க்கு ஒரு கிருமியும் காரணம் என்பது 1980-களில்தான் கண்டறியப்பட்டது. இன்று பலருக்கு மாத்திரைகளாலேயே அது குணமாகிறது. அன்று கத்தியைத் தவிர வேறு கதி குறைவு.

ஏறக்குறைய 25 ஆண்டுகள் நெய்யூரில் உழைத்த பின், ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த வேலூர் மருத்துவக் கல்லூரியில் 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். ஒருவரின் இரு கைகள் எத்தனை பேரைக் காக்க முடியும்? அவர் பயிற்றுவித்த மாணவர்களின் கைகளோ பலப்பல. தாயகம் திரும்பிய அவர் 1975-ஆம் ஆண்டு சனவரி 23-ஆம் நாள் காலமானார். கேரளத்தின் காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே! நம்மில் பலருக்கு மருத்துவராகும் கனவு உண்டு. நல்ல மதிப்பெண் பெற வேண்டும், பெரிய நகரத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று நாம் எண்ணுவதில் தவறில்லை. ஆனால் குள்ளஞ்சாவடி போன்ற ஊர்களிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். எவரெஸ்டின் உச்சியைச் சோமர்வெல் எட்டவில்லை. நெய்யூரில் காத்திருந்தவர்களோ அவரைப் பெற்றார்கள். நாளை நாம் எப்பணி ஏற்றாலும், எங்கே நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.