சமநிலையை நாடாத ஒரு நாள்

சதுரங்க உலகிலே சமநிலை மன்னர் எனப் பெயர் பெற்ற கார்ல் ஷ்லெக்டர், 1874ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி வியன்னா நகரிற் பிறந்தார். 1893இல், பத்தொன்பது வயது இளைஞராக, ஜோர்ஜ் மார்கோ என்பாருடன் பத்து ஆட்டங்கள் ஆடினார்; பத்தும் சமநிலையில் முடிந்தன. அப்பெயர் அவரை விட்டு நீங்கவேயில்லை. 1906இல் ஒஸ்டெண்டிலும் 1910இல் ஹாம்பேர்க்கிலும் நடந்த சுற்றுப்போட்டிகளில் முதலிடம் பெற்ற ஒருவரை அவ்வளவில் அளந்துவிடுதல் நீதியன்று.

1910ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலக வாகையராகிய எமானுவேல் லாஸ்கரை அவர் பத்து ஆட்டங்களில் எதிர்த்தார். முதல் நான்கும் சமநிலை. ஐந்தாவதில் மேலோங்கியிருந்த லாஸ்கர் தவறிழைக்க, ஷ்லெக்டர் வென்றார். அடுத்த நான்கும் மீண்டும் சமநிலையே. பேர்லினில் நிகழ்ந்த பத்தாம் ஆட்டத்திலும் சமநிலை கண்டால், போட்டி அவருடையது.

கருங்காய்களை ஆடிய ஷ்லெக்டர், நடுவிலுள்ள காலாளுக்குப் பக்கத்துக் காலாளை முட்டுக் கொடுக்கும் ஸ்லாவ் தற்காப்பையே மேற்கொண்டார். அரசன் பக்கத்துக் காலாளையும் ஒரு கட்டம் நகர்த்தினார். இன்றும் அவர் பெயரால் வழங்கும் அமைப்பு அது, உறுதியானது, அவசரமற்றது. ஆனால் பத்தாம் நகர்த்தலுக்குள்ளேயே அரசி பக்கத்துக் காலாளை முன்னே பாயவிட்டார். அமைதியான தொடக்கத்திலிருந்து இத்துணைக் கொந்தளிப்பான ஆட்டம் பிறந்ததே வியப்பு! 35ஆம் நகர்த்தலில் வெற்றிக்கான வழி அவர் கைக்கெட்டியது. அதைத் தவறவிட்டுத் தம் கோட்டையைப் பலியிட்டார். பின்னர் சமநிலைக்கு வாய்த்த வழியும் நழுவிற்று. 71 நகர்த்தல்களில் லாஸ்கர் வென்றார். போட்டி ஐந்துக்கு ஐந்தென முடிய, பட்டம் லாஸ்கரிடமே தங்கியது.

பட்டத்தைப் பெற இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்திருக்கலாம், ஆதலாற்றான் அவர் வெற்றியை நாடினார் என்பர் சிலர், மறுப்பாரும் உளர். சமநிலைக்கு அஞ்சாத ஒருவர் அன்று அதனை ஒதுக்கியதற்கு அதனினும் பொருத்தமான காரணம் எமக்குத் தோன்றவில்லை.

பின்னர், பில்குவர் கைந்நூல் எனப்படும் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட தொடக்க ஆட்டக் களஞ்சியத்தின் எட்டாம் பதிப்பைப் பெருமுயற்சியுடன் தொகுத்து, 1916இல் நிறைவு செய்தார். முதலாம் உலகப் போர் அவரை வறுமையில் ஆழ்த்தியது. பசியால் நலிந்த உடலை நிமோனியாவும் பற்ற, 1918ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி புடாபெஸ்ட் நகரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.