பட்டறையில் பிறந்த மேதை!

நம்மில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு .22 ரைஃபிளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுட்டால் தோளில் அடியே தெரியாது. அதற்குரிய குட்டித் தோட்டாவின் அடியில் சுற்றிலும் ஒரு மெல்லிய விளிம்பு இருக்கும். தீப்பொறி உண்டாக்கும் ரசாயனம் அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பில் தட்டினால் வெடிக்கும். அதனால்தான் இந்த ரகத்துக்கு ரிம்ஃபயர் என்று பெயர். இந்தத் துப்பாக்கியை மலிவாக, உறுதியாக, யாரும் பிரித்து மாட்டும்படி செய்து கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அவரிடம் டிகிரி கிடையாது. நம்மைப் போல டிப்ளமோகூடக் கிடையாது!

1855 ஜனவரி 23-ல், அமெரிக்காவின் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜோனதன் துப்பாக்கி ரிப்பேர்காரர். அவருக்கு மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மகன் அப்பா வழியில் போகவில்லை!) அன்று புழக்கத்தில் இருந்தது வெண்புகை கிளப்பும் வெடிமருந்து. சுட்டு முடித்ததும் குழலுக்குள் தங்கும் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். துடைக்காமல் வைத்தால் துருதான். உள்ளே தோட்டாவைச் சுழற்றி அனுப்பும் வரிகளைத் துரு தின்றுவிட்டால் குறி தப்பும். அப்புறம் பேரலை மாற்ற வேண்டியதுதான். இப்படிக் கெட்டுப்போன பேரல்கள் அப்பாவின் பட்டறை மூலையில் குவிந்து கிடந்தன. ஜானுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அவருக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்ததாகக் குடும்பத்தார் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து, மூலையில் கிடந்த உடைந்த பழைய பேரல் ஒன்றை எடுத்தான் பையன். தம்பி மாட் துருத்தி ஊத, ஒரு கட்டையைச் செதுக்கி, பேரலைக் கம்பியால் அதில் கட்டி, ஒரு துப்பாக்கியை ஒப்பேற்றிவிட்டான். விசை கிடையாது, தம்பிதான் நெருப்புக் கொள்ளியை வைக்க வேண்டும்! அதை வைத்துக் காட்டுக்கோழி சுட்டு வந்து அப்பாவுக்கே சாப்பாட்டில் போட்டார்களாம். அப்பா அடிக்கவில்லை. துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாகச் செய்ய முடியாதா என்று மட்டும் கேட்டாராம். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேரல் மாற்றுவது என்றால் பழைய பைப்பைக் கழற்றிப் புதுப் பைப்பை முறுக்குகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பேரலின் பின்முனையில் திரெட் வெட்ட வேண்டும், ஷோல்டர் சரியாக உட்கார வேண்டும். உயிர் நாடி அதற்கப்புறம்தான் இருக்கிறது. ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பு சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். பேரலின் பின்முகத்துக்கும் அதை அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் அந்த விளிம்பு உட்கார இடம் வேண்டும். சில தவ் கூடிப்போனால் ஊசி தட்டும்போது தோட்டா முன்னால் நழுவும், வெடிக்காது. இன்னும் கூடினால் விளிம்பு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுகிறவன் முகத்தைப் பார்த்துத் திரும்பும். குறைந்துபோனாலோ, மூடும்போதே விளிம்பு நசுங்கி வெடிக்கலாம். ஃபிட்டிங் ஷாப்பில் நாம் ஜாப்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, சந்து தெரிந்தால் மார்க் போச்சே என்று கவலைப்படுகிறோம். அங்கே போவது கண்! (நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி ரிப்பேர் செய்யவே லைசென்ஸ் வேண்டும். ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்க!)

1878-ல் ரிப்பேருக்கு வந்த ஒரு துப்பாக்கியைப் பார்த்து ஜானுக்கு எரிச்சல் வந்தது. இதைவிட நல்லதாக நாமே செய்யலாமே என்று இறங்கினார். வயது 23. மில்லிங் மெஷின் இல்லை. உலை, உளி, அரம் இவற்றாலேயே பெரும்பாலான வேலையை முடித்தார். ஒற்றைத் தோட்டா ரைஃபிள் அது. அடைப்புக் கட்டை மேலும் கீழுமாக ஏறி இறங்கி, பேரலின் பின்புறத்தைச் சிக்கென்று மூடும். 1879 அக்டோபரில் பேட்டன்ட் கிடைத்தது. அதைப் பார்க்க அப்பா இல்லை, அதே ஆண்டு ஜூனில் இறந்துவிட்டார்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து சில நூறு ரைஃபிள்கள் செய்து விற்றார்கள். 1883-ல் அதில் ஒன்று வின்செஸ்டர் கம்பெனியின் கண்ணில் பட்டது. கம்பெனியின் துணைத் தலைவர் பென்னட் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிப் போனார். அதுதான் 1885 மாடல். சின்ன .22 ரிம்ஃபயரிலிருந்து பெரிய வேட்டைத் தோட்டா வரைக்கும் அதே அமைப்பில் பேரல் போட்டு விற்றார்கள். அந்தப் பிணைப்பு அவ்வளவு பலம். ஹாரி போப் போன்ற பேரல் நிபுணர்கள் தங்கள் கைவேலைப் பேரல்களை இதில் மாட்டிக் கொடுத்தார்கள். பேரல் தேயும், மாறும். ஜானின் பெட்டி அப்படியே இருக்கும்.

அடுத்து வந்தது 1890 மாடல் .22. முன்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். திருவிழாக் கடைகளில் பொம்மை சுடும் துப்பாக்கியாக அமெரிக்கா முழுக்கப் பரவியது. எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றது! ஆனால் வின்செஸ்டரிடம் அவர் டிசைனை மொத்த விலைக்குத்தான் கொடுத்து வந்தார். எத்தனை லட்சம் விற்றாலும் ராயல்டி கிடையாது. லாபம் யாருக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1902-ல், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன்னைக் கொண்டுபோய், இந்த முறை ராயல்டி வேண்டும் என்று கேட்டார். பென்னட் மறுத்தார். பத்தொன்பது வருஷ உறவு அன்றோடு முடிந்தது. மாதிரியைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து பெல்ஜியம் போய், லியேஜ் நகருக்கருகே இருந்த எஃப்.என். தொழிற்சாலையோடு ஒப்பந்தம் போட்டார். உழைத்தவன் தன் பங்கைக் கேட்டது நியாயமே என்பது என் கட்சி.

அந்த எஃப்.என். 1914-ல் வெளியிட்ட .22 ஆட்டோ ரைஃபிள்தான் எனக்கு அவருடைய வேலைகளிலேயே பிடித்தது. அதில் பேரலைக் கழற்ற வைஸ் வேண்டாம், ஸ்பேனர் வேண்டாம். திரெட்டை முழுச் சுற்றாக வெட்டாமல் இடைவெளி விட்டு வெட்டியிருப்பார். ஒரு தாழ்ப்பாளை நகர்த்திக் கால் சுற்றுத் திருப்பினால் பேரல் கையோடு வந்துவிடும். ஆயிரம் தடவை கழற்றி மாட்டினால் தேயாதா? தேயும். அதையும் யோசித்து, பேரலின் மேல் பல் வைத்த ஒரு ரிங்கைப் போட்டார். ஆட்டம் கண்டால் ரிங்கை ஒரு பல் திருப்பினால் போதும், பழையபடி இறுகிவிடும். வீட்டு மேஜையிலேயே முடிகிற வேலை. ரிப்பேர் பட்டறையில் வளர்ந்தவருக்கல்லாமல் வேறு யாருக்கு இது தோன்றும்?

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றது அவர் வடிவமைத்த எஃப்.என். பிஸ்டல். அதைத் தொடர்ந்து மூண்டது முதல் உலகப் போர். அந்தப் போரின் கடைசி மாதங்களில் அவருடைய இயந்திரத் துப்பாக்கிகளும் களத்தில் முழங்கின. கோழி சுடப் புறப்பட்ட கை எங்கே போய் நின்றது பாருங்கள். அவருடைய திறமையை வியக்கும்போதெல்லாம் இது எனக்கு நெருடுகிறது.

128 பேட்டன்ட்கள் பெற்றார். 1926 நவம்பர் 26-ம் தேதி, லியேஜில், மகன் வால் பணியாற்றிய அலுவலகத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். வயது 71. அப்போது அவர் கையில் பாதியில் நின்ற வேலைகள் இரண்டு: ஒரு பிஸ்டலை எஃப்.என். வடிவமைப்பாளர் ஒருவர் முடித்தார், ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியை மகன் முடித்தார்.